மேல்மடையை அடைப்பதுபோல் தகவலை அடைத்து வைக்கும் மேனேஜர்: கேட்பதா, எழுதுவதா, ஓனரிடம் போவதா, கிளம்புவதா?

கிரே துணி (சாயம் ஏறாத துணி) சாயப்பட்டறையில் போய் இறங்கிய பிறகு அங்கிருந்து போன் வருகிறது. “நேவி ஷேடை பையர் மாத்திட்டாங்களாமே, உங்களுக்குச் சொல்லலீங்களா?” மெயில் வந்து நான்கு நாளாகிவிட்டது. மேனேஜருக்குத் தெரியும். சாம்பிள் செக்‌ஷனில் ஒருவருக்குத் தெரியும். இப்போது பட்டறைக்கும் தெரியும். ஆர்டரைக் கையில் வைத்து ஓட்டுகிற மெர்ச்சண்டைசருக்கு மட்டும் தெரியாது. திருப்பூர் பனியன் கம்பெனிகளில் பழகிய காட்சி இது. கோவை பவுண்டரியின் பிளானிங் மேசையிலும் கரூர் பெட்ஷீட் ஏற்றுமதி ஆபீஸிலும் இதேதான், சாமான் மட்டும் வேறு.

அந்த போனை வைத்ததும் மனசு நான்கு பக்கம் இழுக்கும். நேரே போய்க் கேட்டுவிடலாமா, இனி எல்லாவற்றையும் எழுத்தில் வாங்கலாமா, ஓனர் காதில் போடலாமா, பேசாமல் வேறு கம்பெனி பார்க்கலாமா. இவற்றோடு சொல்லாமல் ஓடுகிற ஐந்தாவது வழியும் உண்டு: வேறு ஆட்களிடம் விசாரித்து விசாரித்தே காலம் தள்ளுவது. ஐந்துமே சில இடங்களில் சரி, சில இடங்களில் வம்பு. எழுத்துக்குத்தான் முதல் இடம், ஓனரிடம் போவதற்குக் கடைசிக்கு முந்தின இடம் என்பது எங்கள் கணிப்பு. ஆனால் எந்தத் தகவல் மறைகிறது, ஏன் மறைகிறது என்று பார்க்காமல் எதை எடுத்தாலும் தப்பாகத்தான் போகும்.

முதலில் கணக்கு

ஒரு ஆர்டரை எடுத்துக்கொள்வோம். 12,000 பீஸ் டி-ஷர்ட், 30 கவுண்ட் நூலில் பின்னிய சிங்கிள் ஜெர்சி துணி, 160 ஜிஎஸ்எம் (ஒரு சதுர மீட்டர் துணியின் கிராம் எடை), மூன்று கலர். வேஸ்டேஜ் சேர்த்து பீஸுக்கு 200 கிராம் என்று வைத்தால் 2,400 கிலோ துணி, கலருக்கு 800 கிலோ. ஷேட் மாறிய சேதி நூல் வாங்கும்போது தெரிந்தால் செலவு ஒரு போன் கால். லேப் டிப் (பையர் பார்த்து ஒப்புக்கொள்ளச் சாயமேற்றி அனுப்பும் சின்னத் துணி மாதிரி) மறுபடி அனுப்ப ஒரு வாரம் போகும், அவ்வளவுதான். 800 கிலோவும் சாயம் ஏறிய பிறகு தெரிந்தால் கதை வேறு. சாயத்தை உரித்து மறுபடி ஏற்ற வேண்டும், அல்லது அதைவிட அடர்ந்த கலருக்குத் தள்ள வேண்டும். உரித்த துணியின் பலமும் கைப்பதமும் குறையும், ஜிஎஸ்எம் ஆடும், பத்து நாள் போகும். கட்டிங் முடிந்த பிறகு தெரிந்தால் பீஸாகவே நஷ்டம். கடைசி இன்ஸ்பெக்‌ஷனில் தெரிந்தாலோ, 12,000 பீஸ் லாட்டுக்கு ஏக்யூஎல் 2.5 (எத்தனை குறை வரை ஏற்கலாம் என்ற அளவுகோல்) படி 315 பீஸ் எடுத்துப் பார்ப்பார்கள். மேஜர் டிபெக்ட் 14 வரை பாஸ், 15 ஆனால் பெயில். ஷேடே தப்பு என்றால் எண்ணுவதற்கு வேலையே இல்லை. அதற்கு மேல், தூத்துக்குடியில் கப்பல் ஏற வேண்டிய சரக்கு விமானம் ஏறினால் அந்த ஆர்டரில் லாபம் என்று பேச ஒன்றும் மிஞ்சாது.

தகவல் ஒன்றேதான். அது கைக்கு வந்த நாளைப் பொறுத்து அதன் விலை இப்படி ஏறுகிறது. ஆகவே “எனக்குச் சொல்லலை” என்ற மனக்குறையை ஓரமாக வைத்துவிட்டு, “எந்தத் தேதிக்குள் எனக்குத் தெரிந்தாக வேண்டும்?” என்று பார்ப்பதில்தான் நிதானம் ஆரம்பிக்கிறது. மேனேஜர் மனசில் என்ன இருக்கிறது என்பது நம் கையில் இல்லை. அந்தத் தேதி நம் டி அண்ட் ஏ ஷீட்டிலேயே (எந்த வேலை எந்தத் தேதிக்குள் என்ற அட்டவணை) இருக்கிறது.

எது மறைகிறது, ஏன் மறைகிறது

வேலைக்கு வேண்டிய தகவல் ஒரு வகை: ஷேட், அளவு, பிட் கமெண்ட்ஸ் (சாம்பிளின் அளவுப் பொருத்தம் பற்றிப் பையர் சொல்லும் திருத்தம்), ஷிப்மெண்ட் தேதி, பிபி சாம்பிள் (உற்பத்திக்கு முந்தின மாதிரி) அப்ரூவல். இதைக் கேட்பது உரிமை, கேட்காமல் விடுவது தப்பு. நம்மைப் பற்றிய தகவல் இரண்டாவது: இன்கிரிமெண்ட், வேறு யூனிட்டுக்கு மாற்றுவது, டிபார்ட்மெண்டையே மூடுவது. இதையும் கேட்கலாம், ஆனால் கேட்கும் இடமும் நேரமும் வேறு. இரண்டிலும் சேராதது மூன்றாவது: எஃப்ஓபி விலை (கப்பலேற்றும் வரைக்குமான விலை), காஸ்டிங் ஷீட், பார்ட்னர்களுக்குள் நடக்கிற பேச்சு, யார் ராஜினாமா பேப்பர் போட்டிருக்கிறார்கள் என்பது. இது தெரியாவிட்டால் ஒரு பீஸ்கூடக் கெடாது. மனசை அதிகம் அரிப்பது என்னவோ இந்த மூன்றாவதுதான். டீக்கடைப் பேச்சில் முக்கால்வாசி அதுதானே.

காரணங்களில் பொல்லாப்பு இருப்பது குறைவு. மேனேஜர் பத்து ஸ்டைலை (டிசைனை) ஒன்றாகச் சேர்த்து ஓட்டுகிறார், மெயிலைப் பார்த்தார், “சொல்லணும்” என்று நினைத்தார், சொல்லிவிட்டதாகவே பதிந்துபோனது. இது மறதி. ஓனர் இன்னும் முடிவெடுக்கவில்லை, அரைகுறையாகச் சொல்லி மாட்டிக்கொள்ள வேண்டாம் என்று நிறுத்தி வைத்திருக்கிறார். இது தயக்கம். பையரோடு இருக்கும் நேரடித் தொடர்புதான் தன் முதல் என்று நினைக்கிறார், அதைக் கீழே விட்டால் நாளைக்குத் தன் நாற்காலி ஆடும் என்ற பயம். திருப்பூரில் இது அதிகம், ஏனென்றால் பையரைக் கையில் வைத்திருப்பவருக்கு அடுத்த கம்பெனியில் இடம் ரெடி. கடைசி வகைதான் கெட்டது. தப்பு நடந்தால் தள்ளிவிட ஓர் ஆள் வேண்டும் என்று வேண்டுமென்றே இருட்டில் வைப்பது.

எது என்று கண்டுபிடிக்க இரண்டு வாரம் போதும். ஒரு பாக்கெட் நோட்டில் ஐந்து பத்தி: தேதி, என்ன வேண்டும், எப்போது கேட்டேன், எப்போது வந்தது, யார் மூலம் வந்தது. எழுதுவது மட்டும்தான், திட்டுவதெல்லாம் அதில் கூடாது. பத்துப் பதினைந்து வரி சேர்ந்ததும் உருவம் தெரியும். எல்லாருக்கும் தாமதமாக வருகிறதென்றால் மறதி. விலை, பணம் சம்பந்தப்பட்டது மட்டும் வரவில்லையென்றால் அது கம்பெனிக் கொள்கை, வருத்தப்பட ஒன்றுமில்லை. பையரோடு ஒட்டிய விஷயம் மட்டும் தங்குகிறதென்றால் நாற்காலிப் பயம். பக்கத்து மேசைக்காரருக்கு அன்றைக்கே போய், உங்களுக்கு மட்டும் தப்பு நடந்த பிறகு வருகிறதென்றால் ஜாக்கிரதையாக இருக்க வேண்டும். பெரும்பாலும் நோட்டைப் புரட்டும்போது நாம் நினைத்த அளவுக்கு மோசமில்லை என்றுதான் தெரியவரும். பதினைந்தில் மூன்று வராதது மனசுக்குப் பதினைந்தாகத் தெரிந்திருக்கும்.

வாயால் கேட்பது

செலவில்லாத வழி, ஆனால் பாதிப் பேர் கெடுத்துக்கொள்வதும் இங்கேதான். “ஏனுங்க சார், எங்கிட்ட மட்டும் ஏன் சொல்லலீங்க?” என்றால் அவருக்குக் காதில் விழுவது குற்றச்சாட்டு. உடனே காரணம் வரும், எரிச்சல் வரும், தகவல் வராது. அடுத்த தடவை இன்னும் இறுக்கிப் பிடிப்பார்.

எப்படிக் கேட்பது என்று பாசனக்காரரிடம் கற்றுக்கொள்ளலாம். கீழ்பவானி பாசன வாய்க்கால் 200 கிலோமீட்டருக்கும் நீளம். ஒற்றைப்படை மதகு, இரட்டைப்படை மதகு என்று முறை வைத்துத் தண்ணீர் விடுகிறார்கள். கடைமடைக்காரர் மேலே போய், “எங்களுக்கு ஏன் வரலை” என்று மட்டும் கத்திவிட்டு வந்தால் காரியம் ஆகாது என்று அவருக்குத் தெரியும். “நாத்து விட்டு இருவத்தஞ்சு நாளாச்சுங்க, இன்னும் ஒரு வாரத்துல நடலீன்னா முத்திப் போயிருமுங்க” என்பார். அதில் தேதி இருக்கிறது, நஷ்டம் இருக்கிறது, யார் மேலும் பழி இல்லை. ஆபீஸிலும் அதே பேச்சுத்தான்: “சார், நேவி லாட்டு நாளைக்கு மத்தியானம் பன்னண்டு மணிக்கு சாயத்துக்கு ஏத்தறாங்க. ஷேட் அப்ரூவல் அதுக்குள்ள வந்தா ஏத்திரலாமுங்க. இல்லீன்னா பட்டறையில நம்ம முறை போயி நாலு நாளு தள்ளுமுங்க.”

காலையில் அவர் மெயில் பெட்டியைத் திறந்து ஒரு ரவுண்டு முடித்த பிறகு, பதினொரு மணிவாக்கில் கேட்பது நல்லது. ஒரு தடவைக்கு ஒரு ஸ்டைல், இரண்டு கேள்விக்கு மேல் வேண்டாம். ஐந்து ஸ்டைலைச் சேர்த்துக் கேட்டால் ஐந்துக்கும் “பாக்கறேன்” என்று ஒரே பதில்தான் கிடைக்கும். ஓனரோ பையிங் ஹவுஸ் (பையருக்காக இங்கே ஆர்டரைக் கவனிக்கும் ஆபீஸ்) ஆளோ பக்கத்தில் இருக்கும்போது கேட்கவே கூடாது. பதில் தெரிந்தாலும் சபையில் தன்னைக் குறைத்ததாகத்தான் எடுத்துக்கொள்வார். மறதிக்கும் தயக்கத்துக்கும் இந்த வழியே போதும். நாற்காலிப் பயக்காரரிடம் பாதிதான் வேலை செய்யும்.

எழுதி வைப்பது

வாயால் பேசியதற்கு மேல் ஒரு சின்ன எழுத்து. இது சண்டைக்கான ஆதாரம் என்று நினைத்து எழுதினால் அந்த வாசனை வரியிலேயே அடிக்கும். “நான் புரிந்துகொண்டது இது, இதன்படி இன்ன தேதிக்கு இதைச் செய்கிறேன், மாற்றம் இருந்தால் சொல்லுங்கள்” என்பதுதான் அச்சு. ஒரு மாதிரி:

“சார், வணக்கம். ஸ்டைல் 4 நேவி: 3-ஆம் தேதி அப்ரூவ் ஆன லேப் டிப் ‘பி’ ஆப்ஷன்படி 800 கிலோ நாளை 12 மணிக்கு லாட் ஏற்றச் சொல்கிறேன். ஷேடில் மாற்றம் இருந்தால் 11 மணிக்குள் சொன்னால் நிறுத்திவிடலாம். நன்றி.”

இதில் நான்கு விஷயம் இருக்கிறது. எந்தக் காகிதத்தை நம்பிச் செய்கிறோம், எவ்வளவு, எப்போது, நிறுத்த வேண்டுமென்றால் கடைசி நேரம் எது. “நீங்கள் சொல்லவில்லை” என்ற சொல் எங்கேயும் இல்லை. மேனேஜருக்கு இது உதவியாகவும் இருக்கிறது, ஏனென்றால் மறந்திருந்தால் ஞாபகம் வரும். வேண்டுமென்றே மறைக்கிறவருக்கு இதைவிடச் சங்கடம் வேறில்லை. பதில் போடாமல் விட்டாலும் லாட் ஏறிய பொறுப்பு இரண்டு பேருடையது. ஒன்று மட்டும் பார்த்துக்கொள்ள வேண்டும்: ஷேட் மாறியிருக்கிறது என்று வேறு வழியில் காதில் விழுந்த பிறகு இப்படி எழுதிவிட்டு, பதில் வரவில்லை என்று லாட் ஏற்றக் கூடாது. அப்போது வரி மாறும்: “ஷேட் மாற்றம் பற்றிப் பட்டறையில் பேச்சு வந்தது, உறுதியாகும் வரை லாட்டை நிறுத்தி வைத்திருக்கிறேன், நிறுத்தி வைக்க முடிவது நாளை மாலை வரை.”

இதில் கெட்டுப்போகும் இடங்களும் உண்டு. வாட்ஸாப் குரூப்பில் போடுவது முதல் தப்பு. முப்பது பேர் முன்னால் கேள்வி கேட்டதாகிவிடும். தனியாக அனுப்புங்கள், தேதி, அளவு, ஷேட் மாதிரி முக்கியமானதைக் கம்பெனி மெயிலிலும் போடுங்கள். வாட்ஸாப்பில் ‘எல்லாருக்கும் அழி’ என்ற வசதி இருக்கிறது, ஆகவே அன்றைக்கு வந்த பதிலை அன்றைக்கே டி அண்ட் ஏ ஷீட்டின் ரிமார்க்ஸ் பத்தியில் தேதியோடு ஏற்றிவிட வேண்டும். முதல் மெயிலிலேயே ஓனரை சிசி-யில் போடுவது இரண்டாவது தப்பு. அது போர் அறிவிப்பு. மூன்றாவதுதான் பெரிது: பாதுகாப்புக்கு என்று கம்பெனி மெயில்களைச் சொந்த ஜிமெயிலுக்குத் தள்ளுவது. பையர் விவரமும் விலையும் அதில் இருக்கும், நாளைக்குத் திருட்டுப் பட்டம் உங்கள் மேல் வரும். சொந்தக் கையெழுத்தில் தேதி போட்ட நோட்டு போதும்.

ஒரு நாளைக்கு இரண்டு மூன்று செய்திக்கு மேல் போகக் கூடாது. எல்லாவற்றையும் எழுத்தில் கேட்கிற ஆள் என்று பெயர் வந்துவிட்டால் வாயால் வருவதும் நின்றுவிடும். நஷ்டம் வரக்கூடிய இடங்களுக்கு மட்டும் என்று வைத்துக்கொள்ளுங்கள்: நூல் ஆர்டர், சாயம், பிரிண்ட், கட்டிங், பேக்கிங் அசார்ட்மெண்ட் (பெட்டிக்குள் எந்த சைஸ், எந்தக் கலர் எத்தனை என்பது). ஒரு ஸ்டைலுக்கு ஐந்து செய்தி.

மனசுக்கு இந்த வழிதான் அதிகம் உதவுகிறது. ராத்திரி பதினொரு மணிக்குப் படுக்கையில் “நாளைக்கு என் தலையில விழுமோ” என்று ஓடுகிற படம், அனுப்பிய செய்தி ஒன்று இருந்தால் பாதியில் நின்றுவிடும். மூச்சை இழுத்து விடுவது, பத்து எண்ணுவது எல்லாம் அந்த போன் வந்த நிமிஷத்துக்குத்தான். கை நடுங்கும்போது மெசேஜ் தட்டாமல் ஒரு டீ குடித்துவிட்டு வர அது உதவும். அடுத்த நாள் காலைக் கவலைக்கு எழுத்துத்தான் மருந்து. இதை இன்னும் சுலபமாக்க, தினமும் வேலை தொடங்கும் முன் பத்து நிமிடம் ஒரு தாளை மூன்றாகக் கோடு போட்டு, தெரிந்தது, தெரியாதது, எப்போதுக்குள் தெரிய வேண்டும் என்று எழுதுங்கள். தெரியாதது எட்டு இருந்தால் இன்றைக்கே கடிக்கப் போவது பெரும்பாலும் ஒன்றோ இரண்டோதான். மற்றவை தாளிலேயே இருக்கட்டும்.

பக்கவாட்டில் விசாரிப்பது

நிட்டிங் மாஸ்டர், பட்டறை சூப்பர்வைசர், கொரியர் ரிஜிஸ்டர், பையிங் ஹவுஸின் க்யூசி (தரம் பார்ப்பவர்). வேகமான வழி. கொங்குப் பக்கம் ஆளுக்கு ஆள் உறவோ ஊரோ ஒட்டியிருப்பதால் சேதி தங்கவே தங்காது. ஒரே விதிதான்: இப்படி வந்த சேதியை வைத்துக் கேட்கலாம், நிறுத்தி வைக்கலாம், அதை நம்பி எதையும் செய்துவிடக் கூடாது. “ஷேட் மாறிருச்சாம்” என்று கேட்டு நீங்களே புது ஷேடுக்கு லாட் ஏற்றினால், அது பொய்யானால் 800 கிலோவும் உங்களுடையது. சேதி சொன்னவர் பெயரை மேனேஜரிடம் சொன்னால் அந்த வாய்க்காலும் அடைபடும். பையரின் ஆளிடம் நேராகக் கேட்பது வேண்டவே வேண்டாம்; நாற்காலிப் பயத்தில் இருப்பவருக்கு அதுதான் நிரூபணம்.

ஓனரிடம் போவது

இங்கே கார்ப்பரேட் புத்தகங்கள் சொல்லும் படிநிலை எதுவும் உதவாது. பல கம்பெனிகள் குடும்பக் கூட்டு. மேனேஜர் ஓனரின் மச்சினனாக இருக்கலாம், பங்காளி மகனாக இருக்கலாம், ஒன்றுமில்லையென்றால் நான்கு தறி போட்ட நாளிலிருந்து கூட இருந்தவராக இருக்கலாம். அவரைப் பற்றிச் சொன்னது அன்று ராத்திரிச் சாப்பாட்டிலேயே அவர் காதுக்குப் போய்விடும். ஆகவே ஆளைப் பற்றிச் சொல்லப் போகக் கூடாது, ஆர்டரைப் பற்றிச் சொல்லப் போகலாம். கையில் டி அண்ட் ஏ ஷீட் மட்டும், நஷ்டம் கிலோவிலும் நாளிலும். “ஐயா, ரெண்டு ஸ்டைல்ல அப்ரூவல் கையில வர்றதுக்குள்ள லாட் ஏறிருச்சுங்க. பையர் மெயில்ல எனக்கும் ஒரு காப்பி வந்தா இது நிக்குமுங்க.” கேட்பது ஒரே ஒரு விஷயம், அதுவும் செலவில்லாதது.

மேனேஜரிடம் முன்கூட்டியே, “ஓனர்கிட்ட மெயில் காப்பி விஷயம் கேக்கலாம்னு இருக்கேனுங்க சார், நீங்களும் வாங்க” என்று சொல்லிவிட்டுப் போவதுதான் சுத்தம். அவர் “வேண்டாம், நானே போடறேன்” என்று சிசி போட ஆரம்பித்தால் போகவே தேவையில்லை. சனிக்கிழமை சம்பள நாள், ஷிப்மெண்ட் வாரம், தீபாவளி போனஸ் பேச்சு நடக்கிற சமயம் இவற்றில் போனால் காது கிடைக்காது. எழுத்தில் மூன்று தடவை கேட்டும் வராமல், நஷ்டமும் நடந்திருந்தால் மட்டும் இந்த வழி. இரண்டாவது தடவை போனால் பெயர் கெடும், ஆகவே இது ஒரே ஒரு குண்டு மட்டும் உள்ள துப்பாக்கி. சாயக்கழிவு, சேப்டி, சம்பளப் பிடித்தம் மாதிரி சட்டத்தில் மாட்டுகிற விஷயம் என்றால் இந்தக் கணக்கெல்லாம் கிடையாது, உடனே போக வேண்டும்.

நம்மைப் பற்றிய தகவலில் சிலவற்றுக்கு யாரையும் கேட்கவே வேண்டாம். சம்பளத்தில் பிடித்த பிஎஃப், அடுத்த மாதம் 15-ஆம் தேதிக்குள் கட்டப்பட்டிருக்க வேண்டும். உமங் ஆப்பில் யுஏஎன் (உங்கள் பிஎஃப் எண்) போட்டு பாஸ்புக்கைத் திறந்தால் தெரிந்துவிடும். மாதாமாதம் அது ஏறாமல் நின்றால் கம்பெனியில் பணம் இறுகுகிறது என்று மேனேஜர் சொல்லாமலே தெரியும்.

கிளம்புவது

நோட்டில் கடைசி வகைதான் தெரிகிறது, எழுத்துக்கும் பதிலில்லை, ஓனரிடமும் ஒரு தடவை போயாகிவிட்டது என்றால் தங்குவதில் அர்த்தமில்லை. ஆனால் கோபத்தில் கிளம்புவதற்கும் கணக்குப் போட்டுக் கிளம்புவதற்கும் வித்தியாசம் ரூபாயிலேயே இருக்கிறது. பணிக்கொடைக்கு நிரந்தர ஊழியர் 5 வருடம் முடிக்க வேண்டும். கணக்கில் வரும் மாதச் சம்பளம் பெருக்கல் 15, வகுத்தல் 26, பெருக்கல் வருடம். மாதம் 18,000 என்றால் 5 வருடத்துக்கு ஏறக்குறைய 51,900 ரூபாய். இன்னும் மூன்று மாதம்தான் பாக்கி என்றால் அந்த மூன்று மாதத்தையும் எழுத்து வழியிலேயே ஓட்டிவிடலாம். அப்பாயின்மெண்ட் லெட்டரில் நோட்டீஸ் எத்தனை நாள் என்று பார்த்துக்கொள்ளுங்கள். பிஎஃப்பை எடுக்காமல் மாற்றிக்கொள்ளுங்கள். பழைய கம்பெனி விலகிய தேதியைப் போடாமல் இழுத்தால், கடைசிச் சந்தா மாதத்திலிருந்து இரண்டு மாதம் கழித்து பிஎஃப் தளத்தில் நீங்களே போட்டுக்கொள்ளலாம். போகும்போது ஸ்டைல் வாரியாக எது எந்த நிலையில் இருக்கிறது என்று ஒரு பக்கம் எழுதிக் கையெழுத்து வாங்கிக் கொடுத்துவிட்டுப் போங்கள். திருப்பூர் சின்ன ஊர், அடுத்த கம்பெனிக்காரர் போன் போட்டு விசாரிக்காமல் எடுக்க மாட்டார்.

புது இடத்தில் சம்பளம் பேசுவதற்கு முன் இரண்டு விஷயம் கேளுங்கள். “பையர் மெயில்ல மெர்ச்சண்டைசருக்கு காப்பி வருமுங்களா? டி அண்ட் ஏ ஷீட்டை யார் யார் பாக்கறாங்க?” என்று. ஷீட்டைத் திறந்து காட்டினால் நல்லது. “அதெல்லாம் மேனேஜர் பாத்துக்குவாருங்க, நீங்க கவலைப்படாதீங்க” என்று பதில் வந்தால், ஐந்தாயிரம் கூட என்றாலும் இன்னும் இரண்டு கம்பெனி ஏறி இறங்கிப் பார்த்துவிட்டுச் சொல்கிறேன் என்று வந்துவிடலாம்.